மட்டக்களப்பில் ஒரு அறைக்குள் முதல் ரொக் ஆல்பம்

பாட்டு எழுதி வைத்திருக்கிற தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன், ஸ்டூடியோவுக்குக் காசு சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அமெரிக்கப் பாடகி லிஸ் ஃபேர் 1991இல் நாலு டிராக் கருவியில் (நாலு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதிகிற கருவி) வீட்டிலேயே பதிந்த கேசட்டுகளில்தான் தொடங்கினார், 1993இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பல பாட்டுகள் அந்தக் கேசட்டுகளில் பிறந்தவை.

முதலில் அறை. கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற மாதங்களில் கல்லடிப் பக்கம் யன்னலைத் திறந்து வைத்துப் பதியவே முடியாது, ஃபேனையும் நிறுத்த வேண்டும், அதனால் வெயில் ஏறும் முன், விடிய ஐந்து மணிக்குப் பாடுங்கள் (அம்மா ஏசுவா, அது வேறு கதை). முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், எதிரொலி பாதி அடங்கும்.

மெதுவாகப் பாடும்போது மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். கத்திப் பாடுகிற இடத்தில் இரண்டு சாண் பின்னால் போங்கள், மைக்கை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சரிந்து நில்லுங்கள். பதிகிற மென்பொருளின் மீற்றரில் சத்த அளவு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக் கூடாது, ஒருமுறை உடைந்த சத்தத்தைப் பிறகு ஒட்டவே ஏலாது.

ட்ரம்ஸ் இல்லையா? சரி, மென்பொருளில் அடியுங்கள். ஆனால் குரலை ஆட்டோடியூனில் (சுருதியைத் தானாகத் திருத்துகிற மென்பொருள்) போட்டு வழுவழுப்பாக்க வேண்டாம், ரொக்குக்கு அந்தப் பிசிறுதான் உயிர். எட்டுப் பாட்டு, அரை மணித்தியாலம், முதல் ஆல்பத்துக்கு அது தாராளம். கரண்ட் போகும் முன் சேவ் பண்ணுங்கள்.