மரமஞ்சளுக்கு மார்க்கர் பண்றீங்களா? இந்த சொதப்பல்லாம் வேணாம்

நாட்டு மருந்துக் கடையில மஞ்சள் கலர்ல துண்டு துண்டா கட்டை வச்சிருப்பாங்களே, அந்த மரமஞ்சள் ஒரு காட்டுக்கொடி. மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் வளருது, காய்க்கறதுக்கே பல வருஷம் ஆகும், நம்மாளுங்க தண்டை அடியோட வெட்டிடறாங்க. எந்தக் காட்டுல எவ்ளோ மரபு வேறுபாடு மிச்சம் இருக்குன்னு பாக்கத்தான் டிஎன்ஏ மார்க்கர், அதாவது செடிக்குச் செடி மாறுற டிஎன்ஏ அடையாளம். பெரும்பாலான தப்பு லேப்ல நடக்கறதில்ல, காட்டுலயே நடந்துடுது.

ஒரே கொடி நாலு மரத்துல ஏறியிருக்கும், அதுல நாலு இலை பறிச்சு நாலு செடின்னு எழுதிட்டு வந்துடுவாங்க. நானும் பண்ணிருக்கேன், ரிசல்ட்ல நாலும் அச்சு அசலா ஒரே மாதிரி வந்தப்பதான் உறைச்சுது. நல்லா இடைவெளி விட்டு எடுங்க, இலையை உடனே ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல்ல போடுங்க. இதுல பெர்பெரின்ங்கற மஞ்சள் வேதிப்பொருள் அதிகம், டிஎன்ஏ சுத்தமா வரலன்னா பிசிஆர் (டிஎன்ஏவை நகல் எடுத்துப் பெருக்கற வேலை) படுத்துடும்.

செலவு கம்மின்னு ராப்ட்ங்கற மார்க்கர் முறை பக்கம் போகாதீங்க, இன்னிக்கு ரிசல்ட்ல வந்த கோடு (பேண்ட்) நாளைக்கு வராது, அப்பா அம்மாகிட்டேர்ந்து வந்த ரெண்டு மரபு வடிவத்தையும் (அலீல்) தனியா காட்டவும் காட்டாது. சின்ன டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வர்ற இடத்தைப் பாக்கற மைக்ரோசாட்டிலைட் காட்டும். ஆனா ப்ரைமர் (பெருக்க வேண்டிய இடத்துல போய் ஒட்டற குட்டி டிஎன்ஏ) டெஸ்ட் பண்ண ஒரே காட்டுச் செடிகளை மட்டும் வச்சுக்கிட்டா, வேற காட்டுல வேறுபாடு காட்டற நல்ல மார்க்கரையெல்லாம் தூக்கிப் போட்டுடுவீங்க.

இருக்கறதுலயே மோசமானது நல் (null) அலீல், அதாவது இருந்தும் கண்ணுல படாத அலீல். ப்ரைமர் ஒட்டற இடத்துல ஒரு எழுத்து மாறியிருந்தா அந்த அலீல் பெருகாம போயிடலாம், ரெண்டு அலீல் இருக்கற செடி ஒண்ணே ஒண்ணு இருக்கற மாதிரி தெரியும், உடனே அய்யோ சொந்தத்துக்குள்ளயே கலந்து போச்சுன்னு ரிப்போர்ட் எழுதிடறாங்க. நிஜமாவே உள்ளினக் கலப்புன்னா அது கிட்டத்தட்ட எல்லா மார்க்கர்லயும் தெரியணும், ஒண்ணு ரெண்டுல மட்டும் தெரிஞ்சா ப்ரைமரைத்தான் சந்தேகப்படணும். கொஞ்சம் சாம்பிளை திரும்ப ஓட்டிப் பாத்து எவ்ளோ தப்பு வருதுன்னு கணக்கும் எடுங்க.

இன்னொண்ணு, இதுல ஆண் கொடி வேற பெண் கொடி வேற. திரும்ப நடறப்போ, மார்க்கர்ல நல்ல வேறுபாடு தெரியுதுன்னு வெறும் ஆணா நட்டு வச்சா எங்கேர்ந்து விதை வரும்?

அப்புறம் கட்டுரையில ஒவ்வொரு கொடிக்கும் ஜிபிஎஸ் புள்ளி போட்டுடாதீங்க, வெட்டறவனும் படிப்பான்.