செய்தி வாசிக்க வரும் இளையோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் செய்தி வாசிப்பாளராக வர விரும்பும் இளையோர் பலர், குரல் நன்றாக இருந்தால் போதும் என்று நம்பி வருகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை குரலால் வந்தவை அல்ல. எழுத்துப் பிரதியை முன்கூட்டி ஒருமுறையேனும் வாய்விட்டு வாசித்துப் பார்க்காததால் வந்தவை.

‘கடலில் காணாமற்போன மீனவரின் தம்பி கரை சேர்ந்தார்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘காணாமற்போன’ என்ற சொல்லுக்குப் பின் நிறுத்தினால், காணாமற்போயிருந்த தம்பி மீண்டு வந்துவிட்டார் என்று பொருள்படும். ‘மீனவரின்’ என்பதற்குப் பின் நிறுத்தினால், தம்பி மட்டும் வந்திருக்கிறார், அண்ணன் இன்னும் கடலில் இருக்கிறார். குருநகரிலோ மயிலிட்டியிலோ ஒரு வீட்டில் அந்தச் செய்திக்காகவே காத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. ஆகவே எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு கோடு இடுங்கள்; வரியே இருபொருள் தருமானால், செய்தி ஆசிரியரிடம் கேட்டு அதை மாற்றி எழுதுவித்த பின்னரே வாசியுங்கள்.

அடுத்த தவறு, தமிழகத் தொலைக்காட்சிகளைப் பார்த்துப் பழகிய சொற்களை அப்படியே இங்கு கொண்டுவருவது. நமது மாவட்டத்தில் ‘ஆட்சியர்’ என்று ஒரு பதவி இல்லை. இருப்பவர் அரசாங்க அதிபர், அதாவது மாவட்டச் செயலாளர். ‘ஜாமீன்’ என்பதற்கு நாம் பிணை என்கிறோம். நீதவான் (மாஜிஸ்திரேட்), விளக்கமறியல் (நீதிமன்றக் காவல்) என்பவை நம் நீதிமன்றங்களில் நாளாந்தம் புழங்கும் சொற்கள். சந்தேகநபர் என்று பிரதியில் இருப்பவரைக் குற்றவாளி என்று வாசித்தால் அது உச்சரிப்புப் பிழையன்று, தீர்ப்பு வருமுன் ஒரு மனிதருக்கு இழைக்கும் அநீதி.

கொழும்பிலிருந்து வரும் ஆங்கில அறிக்கைகளில் தொகைகள் மில்லியனில் இருக்கும். 2.5 மில்லியன் ரூபாய் என்றால் 25 இலட்சம். அவசரத்தில் அது இரண்டரை இலட்சமாகிவிடுவதுண்டு. ஒரு பில்லியன் என்பது 100 கோடி.

உச்சரிப்பில் நம்மவர்க்கு ழகரம் ளகரமாகிவிடும், ‘மழை’ ‘மளை’யாகும். வீட்டுப் பேச்சில் அது இயல்பே, ஆனால் செய்தியில் திருத்திக்கொள்ள வேண்டும். பருத்தித்துறையைப் ‘பருத்துறை’ என்று சுருக்குவதும் அப்படியே.

முகம் தெரியத் தொடங்கியதும் விழா மேடைகளுக்கு அழைப்பு வரும். ஊர்ப் பாடசாலை விழாவைத் தொகுத்து வழங்கலாம். அரசியல் கூட்டத்தில் ஒலிவாங்கி பிடிப்பது வேறு. நேற்று ஒரு கட்சியை வாழ்த்திய அதே குரல் இன்று தேர்தல் முடிவை வாசிக்கும்போது, கேட்பவர் ஐயுறுவதைக் குறைசொல்ல முடியாது. ஊதியம் குறைவு என்பதால் இந்த அழைப்புகளை மறுப்பது கடினம் என்பதை அறிவேன். ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் பிழை நேரும். அதை விழுங்கிவிட்டு அடுத்த செய்திக்குத் தாவாதீர்கள். ‘மன்னிக்கவும்’ என்று ஒரு சொல் சொல்லி, அந்த வரியை முதலிலிருந்து முழுமையாக, அவசரமின்றி மீண்டும் வாசியுங்கள்.