சர்ஜன் ஆசை: காலேஜ் தேர்வில் சறுக்கும் இடங்கள்

“பையன் சர்ஜன் ஆகணுமாம், எந்த காலேஜ்ல சேர்க்கலாம்?” நீட் மார்க் வந்ததும் எனக்கு வரும் முதல் போன் இதுதான். கேள்வியிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் யாரையும் சர்ஜன் ஆக்காது. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் என்கிற பயிற்சி டாக்டர் வேலை, அப்புறம் மேல்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு எழுதி மூன்று வருஷம் எம்.எஸ். மூளை, சிறுநீரகம் என்று போனால் அதற்கும் மேலே மூன்று வருஷம் எம்.சி.எச். என்கிற உயர் சிறப்புப் படிப்பு.

இது தெரியாமல் கைக்காசு முழுவதையும் முதல் படியிலேயே கொட்டுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் தென்னந்தோப்பை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்கினார். மகன் நன்றாகத்தான் படித்தான். பி.ஜி.யில் அரசு சீட் தட்டிப்போனது. தனியாரில் சர்ஜரிக்குக் கேட்ட தொகைக்கு விற்க இன்னொரு தோப்பு இல்லை. அதனால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அரசு சீட் தூரத்தில் கிடைத்தாலும் விடாதீர்கள்.

அடுத்தது, கட்டடத்தைப் பார்த்து மயங்குவது. பார்க்க வேண்டியது நோயாளிக் கூட்டத்தை. மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். காளை குத்திப் பலத்த காயம் பட்டவர்கள் வந்து சேர்வது மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரியாஸ்பத்திரிக்குத்தான். வயிற்றில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் வருகிறவரை முதலில் தொடுகிற கைகளில் ஒன்று ஹவுஸ் சர்ஜனுடையது. தியேட்டருக்கு அனுப்ப வேண்டியது எது, இங்கேயே தையல் போட்டால் போதும் என்பது எது என்று அந்த ஒரு ராத்திரியில் பிடிபடும்.

அதற்காக 2022இல் திறந்த திண்டுக்கல், விருதுநகர், ராமநாதபுரம் கல்லூரிகளைப் புதுசு என்று ஒதுக்குவதும் தப்பு. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி மாதிரி பழைய இடங்களில் பி.ஜி. மாணவர்கள் நிறைய, ஊசிநூல் ஜூனியர் கைக்கு வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். சேருமுன் நேரில் போய், ஹவுஸ் சர்ஜன் ஒருவரிடம் “இதுவரை நீங்களே எத்தனை தையல் போட்டிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். முதல்வர் அறையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

வெளிநாடு என்றால் ஏஜென்ட் பேச்சை ஓரம் வைத்துவிட்டு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதியைப் படியுங்கள். 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அங்கே ஓராண்டுப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, இங்கே மறுபடி ஓராண்டு. இவ்வளவுக்கும் பிறகுதான் பி.ஜி. வரிசையில் நிற்கலாம்.

சேர்ந்த பிறகு செய்கிற தவறு, தியேட்டர் வாசலிலேயே கிடப்பது. நீட் பி.ஜி.யில் 19 பாடங்களிலிருந்து கேள்வி வரும். முதல் வருஷ பயோகெமிஸ்ட்ரியைக் கோட்டை விட்டவன் சர்ஜரி சீட்டையும் விடலாம். (இன்னொன்று: எம்.எஸ். எல்லாமே சர்ஜரி இல்லை, எம்.எஸ். அனாட்டமி, அதாவது உடற்கூறியலும் இருக்கிறது. அதில் கத்தி படுவது பிணத்தின் மேல்தான்.)

சர்ஜரி என்றால் ஜெனரல் சர்ஜரி மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். எலும்பு, காது மூக்கு தொண்டை, மகப்பேறு, கண் எல்லாமே கத்தி பிடிக்கிற துறைகள். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி முதலில் ஆசைப்பட்டது மகப்பேறு மருத்துவத்துக்கு. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனதால் கண் பக்கம் வந்தார். அந்த விரல்களை வைத்துக்கொண்டே ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார்.