வீட்டு அறையையே கேமராவாக்குவது எப்படி?

அக்காவின் திருமணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அம்மாவின் ரவிக்கையை வாங்கிவரப் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். "இன்னும் கை வைத்துத் தைக்கவில்லை தம்பி, இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்றார் தையற்காரர். மழை வேறு பிடித்துக்கொண்டது. கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதைகளில் ஒதுங்கி ஒதுங்கி முன்ட்ரி தெருவரை வந்தபோது, கேமரா அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. மழை விடும்வரை நிற்கலாம் என்றுதான் டிக்கெட் வாங்கினேன்.

கண்ணாடிப் பேழைகளில் இருந்த பழைய கேமராக்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தவன், இருட்டறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். சிறு துளை வழியே வந்த வெளிச்சம், வெளியே இருப்பதை உள்ளே தலைகீழாக வரைந்துகொண்டிருந்தது. கேமரா என்ற சொல்லுக்கே லத்தீனில் அறை என்றுதான் பொருள். அந்த ஒரு காட்சிதான் என்னைப் புகைப்படத்தின் பக்கம் இழுத்தது. அதனால், படமெடுக்கக் கற்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கேமராவுக்குப் பணம் செலவழிக்கும் முன், ஓர் அறையை இருட்டாக்கிப் பாருங்கள்.

படி 1: அறையும் நேரமும்

ஒரே ஜன்னல் உள்ள அறை நல்லது. ஜன்னலுக்கு எதிரே மரமோ அடுக்குமாடியோ இருந்து, அதன்மேல் நேராக வெயில் விழ வேண்டும். ஜன்னல் மேற்குப் பார்த்திருந்தால் காலை 9 மணிக்குமேல் செய்யுங்கள்; கிழக்குப் பார்த்திருந்தால் மாலை 4 மணிக்குமேல். நம் ஊரில் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் எதிரே இருப்பதன்மேல் சரியாக விழாது. மேகமூட்டமான நாளில் முயல வேண்டாம்.

படி 2: இருட்டு

பொறுமை முழுவதும் இங்கேதான் தேவை. ஜன்னலைத் தடித்த அட்டையால் மூடுங்கள். அதன்மேல் கறுப்புக் குப்பைப் பையையோ சமையலறை அலுமினியத் தாளையோ விரித்து, விளிம்பெல்லாம் டேப் ஒட்டுங்கள். கதவின் அடி இடுக்கில் ஒரு கைலியைச் சுருட்டி வையுங்கள். பிறகு விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெளிச்சம் கசியும் இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும், அவற்றையும் அடையுங்கள். முதல் முறை நான் ஏர்கண்டிஷனர் குழாய் நுழையும் ஓட்டையைக் கவனிக்கவில்லை. சுவரில் வெளிறிய மங்கல் மட்டுமே கிடைத்தது.

படி 3: துளை

அட்டையின் நடுவில், மேலே விரித்த பையையும் சேர்த்து, 5 செ.மீ. சதுரம் வெட்டி எடுங்கள். கறுப்புத் தாளில் பென்சில் நுழையும் அளவுக்கு, சுமார் 8 மி.மீ. அகலத்தில், வட்டத் துளையிட்டு அந்தச் சதுர ஓட்டையின்மேல் ஒட்டுங்கள். 5 மி.மீ., 15 மி.மீ. துளையுள்ள தாள்களையும் தயாராக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். சிறிய துளையில் படம் கூர்மையாகவும் வெளிச்சம் குறைந்தும் இருக்கும். பெரிய துளையில் பிரகாசமாகவும் குழைந்தும் இருக்கும். இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால், லென்ஸின் துளை அளவைப் பற்றிப் பிறகு படிப்பதெல்லாம் எளிதாகிவிடும். துளை வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்காதீர்கள்.

படி 4: திரை

துளையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். மெல்ல வானம் கீழேயும் தரை மேலேயுமாகப் படம் தெளியும், வண்ணத்தோடு. ஒளி நேர்கோட்டில் செல்வதால், உயரத்திலிருந்து வரும் கதிர் துளையைக் கடந்து கீழே விழுகிறது. கீழிருந்து வருவது மேலே போகிறது. வேட்டியைத் துளைக்கு அருகே கொண்டுவந்தால் படம் சிறுத்துப் பிரகாசமாகும்.

எங்கள் வீட்டில் எதிர்மாடியில் காய்ந்த துணிகள் வேட்டியில் தலைகீழாக ஆடியபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

படி 5: கைப்பேசியில் பதிவு

கைப்பேசியை முக்காலியில் புத்தகங்களுக்கு நடுவே அசையாமல் நிறுத்துங்கள். கேமராவில் அளவுகளை நாமே மாற்றும் புரோ முறை இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 800, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 10 நொடி என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். இல்லையென்றால் இரவு முறை போதும். கை படும் அதிர்வு இல்லாமலிருக்க 3 நொடி டைமர் வையுங்கள்.

படி 6: வெளியே

அடுத்த நாளே ஐந்தடி நடைபாதைக்குப் போங்கள். அங்கேயும் கூரைக்குக் கீழே நிழல், தெருப்பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். நீங்கள் இருட்டாக்கிய அறையின் உறவுக்கார இடம் அது. பூக்கட்டும் அண்ணனிடம் "ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தில் வெளிச்சம் விழும் பக்கத்தைக் கைப்பேசித் திரையில் தொட்டு, பிரகாசத்தைச் சற்றுக் குறையுங்கள். மல்லிகையின் வெண்மை வெளுத்துப்போகாமல் இதழ் இதழாக நிற்கும்.

துளையிட்ட அட்டையைத் தூக்கிப் போடாமல் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். மழை விட்டவுடன் வெயிலடிக்கும் ஒரு நாளில், எதிர்ச்சுவர் ஈரத்தில் மின்னும்போது, மறுபடியும் ஜன்னலில் பொருத்திப் பார்க்க வேண்டும்.