ஒரு குவார்ட் ஈஸ்ட்: பழைய அமெரிக்கச் சமையல் நூல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் சமையல் குழுவில் ஒரு பெண் எலெக்‌ஷன் கேக் என்ற பழைய அமெரிக்கக் கேக்கைச் சுட்டுப் படம் அனுப்பினார். நடுவில் பள்ளம், வெட்டிய துண்டில் ஈரம். "அக்கா, பிராந்தி வாசனையையும் தாண்டி ஒரு புளிச்ச வாடை வருது" என்று எழுதியிருந்தார். என்ன செய்திருப்பார் என்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் இதே கேக்கை இதே தவறால் நானும் குப்பையில் கொட்டியிருக்கிறேன், அதற்கப்புறம் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எஸ் எழுத்து எஃப் மாதிரி அச்சாகியிருக்கும், ரெசிபியை ரெசீட் என்பார்கள், இதெல்லாம் இரண்டு நாள் புரட்டினால் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈஸ்ட் என்றால் பாக்கெட் ஈஸ்ட் என்று நினைப்பது

அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் அமெலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி', 1796. அதன் இரண்டாம் பதிப்பில் எலெக்‌ஷன் கேக்குக்குத் தரும் அளவு இது: மாவு 30 குவார்ட் (குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு), வெண்ணெய் 10 பவுண்டு, சர்க்கரை 14 பவுண்டு, உலர் திராட்சை 12 பவுண்டு, முட்டை 3 டஜன், ஒயின் ஒரு பைன்ட், பிராந்தி ஒரு குவார்ட், ஈஸ்ட் ஒரு குவார்ட். தேர்தல் நாளில் ஊரே கூடும்போது அத்தனை பேருக்கும் சேர்த்துச் சுட்ட கேக். வீட்டில் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் முப்பதால் வகுப்பார்கள். மாவு ஒரு குவார்ட், அதாவது அரை கிலோ சுமார், வெண்ணெய் 150 கிராம், ஈஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி. இதுவரை கணக்கு சரிதான். அப்புறம் கடையில் வாங்கிய உலர் ஈஸ்ட் பாக்கெட்டுகளைப் பிரித்து இரண்டு மேசைக்கரண்டி அள்ளிப் போடுவார்கள், ராத்திரி முழுக்க ஊற வைப்பார்கள்.

1796இல் இன்றைய பாக்கெட் உலர் ஈஸ்ட் கிடையாது. அன்றைக்கு ஈஸ்ட் என்றால் பீர் காய்ச்சும் பீப்பாயிலிருந்து வழித்த நுரை, இல்லையென்றால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கொதிக்க வைத்த நீரில் மாவோ உருளைக்கிழங்கோ கரைத்து வீட்டிலேயே புளிக்க வைத்த கரைசல். நம் வீடுகளில் அப்ப மாவில் கள் ஊற்றிப் பொங்க வைத்தார்களே, அந்த மாதிரி ஒரு பொருள். அது தண்ணீராக இருக்கும், அதன் வேகமும் குறைவு, பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும். இன்றைய உலர் ஈஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி என்பது 18, 20 கிராம் வரும். அரை கிலோ மாவை இரண்டு மணி நேரத்தில் பொங்க வைக்கவே 7 கிராம் போதும். அதைப் போல இரண்டரை மடங்கைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டால் மாவு நடுராத்திரியிலேயே உச்சத்துக்குப் போய் இறங்கி, விடிவதற்குள் சாராய வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். அதன் பிறகுதான் காலையில் வெண்ணெய், திராட்சை, முட்டை, பிராந்தி என்று விலை கூடின பொருள் எல்லாம் அதற்குள் போகும். அத்தனையும் வீண்.

நான் செய்வது இப்படி: உலர் ஈஸ்ட் அரை தேக்கரண்டி, வெயில் காலமாக இருந்தால் கால் தேக்கரண்டி, அதை இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரைத்துக்கொள்வேன். ஈரத்தின் அளவு நூலில் உள்ளபடி வந்துவிடும், வேகமும் கட்டுக்குள் இருக்கும். அப்புறம் வரிசை முக்கியம். சிம்மன்ஸ் ராத்திரி மாவையும் பாலையும் ஈஸ்ட்டையும் மட்டும்தான் கலக்கச் சொல்கிறார். வெண்ணெயும் சர்க்கரையும் மறுநாள் காலையில் அரை மணி நேரம் தேய்த்துவிட்டுத்தான் சேரும், திராட்சை ஓவனுக்குள் போகிற நேரத்தில். சர்க்கரையும் கொழுப்பும் அதிகமானால் ஈஸ்ட் மந்தமாகிவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்து எழுதிய வரிசை அது. வேலை மிச்சம் என்று எல்லாவற்றையும் ராத்திரியே கொட்டாதீர்கள்.

எனக்கு ஆறாத எரிச்சல் எதில் என்றால், கேக் கெட்டதும் "அந்தக் காலத்தில் அளவு தெரியாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அளவு தெரிந்துதான் எழுதினார்கள், தங்கள் கையில் இருந்த பொருளுக்கு எழுதினார்கள். அமுக்கிக் கட்டியாக்கிய ஈஸ்ட்டை ஃப்ளைஷ்மன் சகோதரர்கள் சின்சினாட்டியில் விற்க ஆரம்பித்தது 1868இல், அதைப் பரவலாக ஜனங்கள் பார்த்தது 1876 பிலடெல்பியா கண்காட்சியில். பாக்கெட்டில் வரும் உலர் ஈஸ்ட் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சரக்கு. ஆகவே நூலின் வருடத்தை முதலில் பாருங்கள். 1860க்கு முன்னால் என்றால் ஈஸ்ட் பெரும்பாலும் திரவம். 'ஒரு கேக் ஈஸ்ட்' என்று 1900 வாக்கில் வந்தால் பெரும்பாலும் அமுக்கிய கட்டி.

'இண்டியன்' என்றதும் நம்மூரைத் தேடுவது

இண்டியன் மீல் என்றால் மக்காச்சோள மாவு, அமெரிக்கப் பழங்குடி மக்களின் தானியம். இண்டியன் புட்டிங்கில் நம்மூருக்கு வேலை இல்லை. நம் பக்கத்துப் பொருளைப் பார்க்க வேண்டுமானால் மேரி ராண்டால்ஃப் 1824இல் வெளியிட்ட 'தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' நூலில் கறிப்பொடியைப் பாருங்கள்: மஞ்சள், தனியா, சீரகம், சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகாய்த்தூள், ஒவ்வொன்றும் ஒரு அவுன்ஸ். ஜாதிக்காயும் தனியாவும் சம எடை! செய்து பார்த்தேன், வாசனை மண்டையைப் பிடிக்கிறது. ஒரு தேக்கரண்டி போதும் என்று அவர் சொல்வதை மீறாதீர்கள்.

வாய்விட்டுப் படிக்காமல் திருத்துவது

மேலே சொன்ன எலெக்‌ஷன் கேக்கில் 'கோலண்டர் சீட்' 4 அவுன்ஸ் என்று இருக்கும். கோலண்டர் என்றால் வடிதட்டு. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கோரியாண்டர், நம் தனியா. சான்பிரான்சிஸ்கோவில் 1881இல் வெளியான ஆபி ஃபிஷரின் நூலில் 'சர்க்யூட் ஹாஷ்' என்று ஒன்று வரும். அது மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்துச் செய்யும் சக்கோடாஷ். 'ஜம்பர்லி' என்றால் ஜம்பலாயா என்ற அரிசிச் சமையல். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஃபிஷருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள், எழுதினவர் காதில் விழுந்தபடி அச்சாகிவிட்டது. இதைப் பிழை என்று திருத்திப் போடுகிற மறுபதிப்புகள் அவருடைய குரலைத்தான் அழிக்கின்றன. எழுத்து விநோதமாக இருந்தால் அதைக் காதால் படியுங்கள்.

பதிப்பைப் பார்க்காமல் மேற்கோள் காட்டுவது

எலெக்‌ஷன் கேக் 1796 ஹார்ட்ஃபோர்டு முதல் பதிப்பில் இல்லை. அதே வருடம் ஆல்பனியில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. நூலை அச்சுக்குத் தயார் செய்தவர் தன்னைக் கேட்காமல் குறிப்புகளை மாற்றிவிட்டார் என்று சிம்மன்ஸே குறைபட்டிருக்கிறார். அச்சிட்ட ஊரையும் வருடத்தையும் குறித்துக்கொண்ட பிறகு எழுதுங்கள்.

கோப்பை அளவு

1896இல் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் தலைதட்டி அளக்கும் வழக்கத்தைப் பரப்புவதற்கு முந்தைய நூல் என்றால், டீ கப்பை இன்றைய அளவுக் கப்பாக எடுக்காதீர்கள். அவற்றில் வரும் 'ஜில்' என்ற பழைய திரவ அளவு 118 மில்லி.

வீட்டு வைத்தியக் குறிப்புகள்

படிக்க மட்டும். பாதரசமும் ஈயமும் அபினும் அதில் இருக்கும்.

பழைய முறையில் பாட்டிலில் அடைப்பது

பச்சை பீன்ஸை ஜாடியில் போட்டுக் கொதிநீரில் வைத்து மூடச் சொல்லும் பக்கம் வந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். புளிப்பில்லாத காய்களில் பாட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கும் உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாகாது. இந்தக் காய்களுக்குப் பிரஷர் முறை மட்டும்தான் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையும் சொல்லிவிட்டது. கெட்டுப்போனது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அன்றைக்கு வாங்கிய பீன்ஸை அன்றைக்கே வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.