காய்ச்சல் வந்த முதல் ஒரு மணி நேரம்: ஸ்டெம் செல் மாற்று வார்டு செவிலியருக்கு

மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று வாரங்களில் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு) எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே கிடக்கும். சில நாள் பூஜ்ஜியம். அணுக்களே இல்லாததால் சீழ் கட்டாது, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் சேதி சொல்லும். வாயில் வைத்துப் பார்த்து ஒரே முறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலே போதும்: 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் டோஸ் ஏற வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்காதீர்கள். புண்ணான சவ்வு கீறினால் குடல் கிருமிக்கு வழி திறந்துவிடுவோம். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். குளிர்நடுக்கம், இறங்கும் ரத்த அழுத்தம், திடீர்க் குழப்பம் இருந்தால் காய்ச்சலாகவே எண்ணி நடங்கள்.

முதலில் கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். அனுமதியின்போது எடுத்த மலக்குடல் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரி) முடிவும் பழைய கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிப்போர்ட்டும்தான் தேவை. கீமோவால் குடல் சவ்வு உரிந்ததும், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோதான் பெரும்பாலும் ரத்தத்துக்குள் நுழைகிறது. ஸ்வாபில் கார்பபெனம் (மெரோபெனம் அடங்கிய ஆன்டிபயாடிக் வகை) எதிர்ப்புக் கிருமி இருந்தும் அந்த ரிப்போர்ட் யார் கண்ணிலும் படாமல் மெரோபெனம் மட்டும் ஏற்றினால், சரியான மருந்து ஏறாமலே இரண்டு நாள் ஓடிவிடும்.

அடுத்தது ரத்தக் கல்ச்சர். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். சென்ட்ரல் லைனின் (பெரிய ரத்தநாளத்தில் பொருத்திய குழாய்) ஒவ்வொரு லூமனிலிருந்தும் (உட்குழல்) ஒரு செட் (ஏரோபிக், அனெரோபிக் என இரண்டு பாட்டில்), கைநரம்பிலிருந்து ஒரு செட். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. 3 மில்லி போட்டு அனுப்பினால், கிருமி இருந்தும் ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரலாம். லைனின் பழைய கனெக்டரைக் கழற்றிப் புதிதை மாட்டிவிட்டு எடுங்கள்; பழையதன் உட்புறம் ஒட்டியிருப்பவை பாட்டிலில் விழுந்து குழப்பும். தோலில் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹாலை 30 விநாடி தேய்த்து, முழுக்க உலரவிட்டுக் குத்துங்கள். விசிறி உலர்த்த வேண்டாம். பாட்டில் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பட்டர்ஃபிளை ஊசியானால் ஏரோபிக் பாட்டில் (காற்றில் வளரும் கிருமிக்கானது) முதலில், ஏனென்றால் குழாயில் நிற்கும் காற்று அதற்குள் போனால் பாதகமில்லை.

எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு ரத்தம், ஒரே நேரம், எது எங்கிருந்து எடுத்தது என்ற லேபிள். லைன் பாட்டில் கைநரம்புப் பாட்டிலைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திப் பாசிட்டிவ் ஆனால் தொற்று லைனில்தான் என்று சந்தேகிப்போம். ஒன்றில் 10 மில்லி, மற்றதில் 4 மில்லி என்றால் அந்தக் கணக்கு செல்லாது. நரம்பு கிடைக்கவில்லையா? லைன் ரத்தத்தை அனுப்பிவிட்டு மருந்தைத் தொடங்குங்கள்.

இரண்டு மருந்து எழுதியிருந்தால் பீட்டா-லாக்டம் (மெரோபெனம் போன்றது) முதலில். வேன்கோமைசின் ஏறி முடியவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், கிராம்-நெகட்டிவ் கிருமியை (ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை) அது தொடவும் தொடாது. மருந்துத் தேர்வு மருத்துவருடையது. ஆனாலும் ஆர்டரை நீங்களும் படியுங்கள். ஈஎஸ்பிஎல் (பல பீட்டா-லாக்டம்களைச் சிதைக்கும் நொதி) கிருமிக்கு மெரோபெனம் சரி. என்டிஎம் (கார்பபெனத்தையும் சிதைக்கும் நொதி) வகை என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தனியாக வேலை செய்யாது, கூடவே அஸ்ட்ரியோனம் வேண்டும். வேன்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸுக்கு லினசோலிட் தந்தால் தட்டணுவைக் கவனியுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் மஜ்ஜையை அமுக்கும், புது மஜ்ஜை முளைக்கும் நேரத்தில் அது பெரிய தலைவலி.

கல்ச்சர் பாசிட்டிவ் என்று ஆய்வகம் தொலைபேசியில் சொன்னால் கிராம் ஸ்டெயின் (சாயமிட்டுக் கிருமியின் வகை பார்க்கும் சோதனை) முடிவை வாய்மொழியாக விடாமல் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் அடங்கியதோ இல்லையோ, எதிர்ப்புக் கிருமி என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுகல்ச்சர் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஸ்டாஃப் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா இவற்றில் ஒன்று லைனில் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் லைனைக் கழற்றவே வேண்டியிருக்கும்.

கிருமியின் பெயரையும் எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த காய்ச்சல் நள்ளிரவில், வேறொரு அவசரப் பிரிவில் வரலாம்.