மெல்ல மெல்லத் தளர்ந்த ஜாவா சர்வர்

செய்திகளைப் பெற்றுப் பிரித்து அனுப்பும் எங்கள் ஜாவா சர்வர், மறுதொடக்கம் செய்ததும் பறக்கும். நாளாக ஆகத் தளரும். நெட்வொர்க், தரவுத்தளம் இரண்டையும் சீக்கிரமே விலக்கிவிட்டோம். அவற்றின் வேகம் மாறவே இல்லை.

ஜாவாவின் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஜேஸ்டாட் கருவியை ஓடவிட்டு, நீண்ட நேரம் நீடிக்கும் தரவு தங்கும் ஓல்டு ஜெனரேஷன் பகுதியை மட்டும் கவனித்தேன். அதன் உச்ச அளவு ஒரு பொருட்டே அல்ல. பயன்படாத தரவை நினைவகத்திலிருந்து அகற்றும் முழு கார்பேஜ் கலெக்‌ஷனுக்குப் பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி. அந்த மிச்சம் ஒவ்வொரு முறையும் சற்றே உயர்ந்தது. மிச்சம் கூடக் கூடச் சுத்திகரிப்பு அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில், வேலைகளை இணையாக ஓட்டும் த்ரெட்கள் காத்து நிற்கும்.

ஹீப் எனப்படும் ஜாவா நினைவகத்தின் நகலை, அதாவது ஹீப் டம்ப்பை எடுத்து, அதை ஆராயும் எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்தேன். (டம்ப் எடுக்கும்போது சர்வர் உறைந்து நிற்கும், போக்குவரத்தை முன்பே வேறு சர்வருக்குத் திருப்பிவிடுங்கள்.) எது எவ்வளவு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் டாமினேட்டர் ட்ரீயின் உச்சியில், பல த்ரெட்கள் பகிரும் அட்டவணையான ஒரே ஒரு கன்கரண்ட்ஹேஷ்மேப், ஹீப்பின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருந்தது. பதிலுக்குக் காத்திருக்கும் செய்திகளின் பதிவேடு அது. பதில் வந்தால் பதிவு நீங்கும். வராமல் கெடு முடிந்தாலோ த்ரெட் விலகிவிடும், பதிவு அப்படியே கிடக்கும்.

நினைவகத்தைக் கூட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அது நோவைத் தள்ளிப்போடும், தீர்க்காது. பதிவை நீக்கும் வரியை வேலை எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்கு மாற்றினேன். கெடு கடந்து வரும் பதிலை லாகில் குறித்துவிட்டுக் கைவிடச் செய்தேன். மிச்சம் இப்போது ஏறுவதில்லை.